மூன்று மணிச் சங்கு

ரத்த அழுத்தம் குறைவதற்காக என் மகள் என் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஞாயிறு மதியம் சாப்பாடு ஆனதும் அதைக் காதில் மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். தேனில் ஊறவைத்த குரலில் ஒரு பெண் என்னைப் படிப்படியாக எங்கோ கீழே இறக்கிக்கொண்டு போவாள். உடம்பு கனக்கிறது என்பாள், கனக்கும். மேகத்தில் மிதக்கிறீர்கள் என்பாள். இந்த உடம்பும் மிதக்கும். எல்லாம் நன்றாகத்தான் போகும், "மணியோசை கேட்டதும் விழித்துக்கொள்வீர்கள்" என்று அவள் சொல்கிறவரைக்கும். அதைக் கேட்டதும் தடாலென்று எழுந்து உட்கார்ந்து, போனில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பேன். பாதி வழியில் போன் அணைந்துவிட்டால் என்னை யார் எழுப்புவது? பூந்தமல்லியில் சொந்த வீடும், தலையில் வழுக்கையும், அலுவலகத்தில் 'சார்' பட்டமும் உள்ள ஆள் கேட்கிற கேள்வியா இது என்று மகள் சிரிக்கிறாள். அவளுக்கு எங்கள் ஆலைச் சங்கைத் தெரியாது.

அப்பா அம்பத்தூர்ப் பக்கம் ஓர் இரும்பு வார்ப்பு ஆலையில் வேலை பார்த்தார். ஆலையின் மதிலை ஒட்டிய குடியிருப்பில் எங்கள் வீடு. அங்கே கடிகாரம் என்பது சுவரில் அழகுக்குத் தொங்குவது. நேரத்தைச் சொல்வது சங்குதான். காலைச் சங்குக்கு உலை கொதிக்கும், மதியச் சங்குக்குக் குழந்தைகளுக்குப் பசிக்கும். மூன்று மணிச் சங்கு ஊதினால் தெருநாய்கள் எல்லாம் கேட்டுக்கு ஓடும். முதல் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் டிபன் பாக்ஸில் ஏதாவது மிச்சம் இருக்கும். மணியடித்து மணியடித்தே நாய்க்கு எச்சில் ஊறவைத்த விஞ்ஞானியைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது, மனுஷன் வீணாக ஆராய்ச்சிக்கூடம் கட்டியிருக்கிறாரே, எங்கள் தெருவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் போதுமே என்று தோன்றியது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஓர் அரைப்பரீட்சை லீவில் ஐயப்பன்தாங்கலிலிருந்து மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. நடைபாதைக் கடையில் மனோவசியப் புத்தகம் ஒன்றை வாங்கிவிட்டு, வசியம் பண்ண ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார். நான் கிடைத்தேன். எனக்கு நகம் கடிக்கும் வியாதி. பத்து விரலையும் தின்று முடித்துவிட்டு அடுத்தவர் விரலைப் பார்க்கிற அளவுக்கு முற்றியிருந்தது. அதை மறக்கடிப்பதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்து, மாமா என்னைப் பாயில் படுக்கவைத்தார். பீரோ சாவியை நூலில் கட்டி என் மூக்குக்கு மேலே ஆட்டினார். ஆடுகிற சாவி, ஓட்டு இடுக்கு வழியே இறங்கும் வெயில், அதில் மிதக்கும் தூசி. நான் நிஜமாகவே எங்கோ போய்க்கொண்டிருந்தேன். இனிமேல் விரல் வாய்ப்பக்கம் போகாது என்று தூரத்தில் மாமாவின் குரல் சொன்னது.

"மூணு மணி சங்கு ஊதும் பாரு, அப்போ முழிச்சுக்குவ மாப்ளே."

ஊரெல்லாம் சங்கு ஊதினால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டதாக அர்த்தம். எங்கள் மாமா ஒருவர்தான் அதை எழுந்திருப்பதற்கு வைத்தவர்.

சங்கு ஊதவில்லை. நான் காத்திருந்தேன். மாமாவும் காத்திருந்தார். வெயில் என் வயிற்றிலிருந்து கால்மாட்டுக்கு நகர்ந்தது. கொசு கடித்த இடத்தைச் சொறிவதற்காக ஒரு கண்ணைத் திறந்தேன். மாமா புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை அவசரமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். விரலைச் சொடுக்கிப் பார்த்தார், கையைத் தட்டிப் பார்த்தார். நான் முழிச்சிட்டேன் மாமா என்றேன். தோல்வியை ஒப்புக்கொள்கிற வம்சமா அது?

"இல்லடா. கண்ணு மட்டும்தான் தொறந்துகீது. நீ இன்னும் உள்ள தூங்கிகினுதான் கீற."

சொல்லிவிட்டு, என் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, ஐயப்பன்தாங்கல் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலையிலும் சங்கு ஊதவில்லை. வெளியே வந்து பார்த்த எனக்கு மாமா சொன்னது உண்மைதான் என்று உறுதியாகிவிட்டது. வேலை நாளில் அப்பா லுங்கியோடு வீட்டில் இருந்தார். எல்லா அப்பாக்களும் இருந்தார்கள். புகைபோக்கியில் புகை இல்லாததால் வானம் வேறு யாருடையதோ போல நீலமாக இருந்தது. கொடியில் காய்ந்த வேட்டியில் கரித்தூள் விழவில்லை. மதில் மேல் ஏதேதோ பறவைகள் கூவின. அவை இத்தனை நாள் எங்கே கூவின என்று தெரியவில்லை. பெரியவர்கள் வேப்பமரத்தடியில் கூடி, தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போலத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். இது விழித்திருக்கிற ஊர் இல்லை. நான் என்னைக் கிள்ளிப் பார்த்தேன், வலித்தது. கனவில் கிள்ளினால் கனவில்தானே வலிக்கும் என்று இன்னும் பயந்தேன். போதாததற்கு என் நகங்கள் வளர ஆரம்பித்தன. மாமாவின் வசியம் வேலை செய்கிறது என்றால் நான் இன்னும் அதற்குள்தானே இருக்கிறேன்?

இன்னொன்றும் நடந்தது. வாசற்படியில் உட்கார்ந்து ஆலைக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா நகம் கடித்தார். அவர் நகம் கடித்து நான் பார்த்ததேயில்லை. என் வியாதி மாமாவின் சாவி வழியாகத் தவறி அவருக்குள் இறங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். இப்போது எழுப்ப வேண்டியவர்கள் இரண்டு பேர்.

ஆகவே பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி கேட்டேன்: சங்கு எப்போது ஊதும்? விளைவு நான் எதிர்பாராதது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "உனக்குமாடா ராசா அந்தக் கவல?" மளிகைக்கடைக்காரர் கேட்காமலே கடலைமிட்டாய் தந்தார். பொறுப்பான பிள்ளை என்று குடியிருப்பு முழுக்கப் பேர் பரவியது. அதற்குமுன் எனக்கிருந்த பேரை இங்கே எழுத முடியாது.

ஒரு சாயங்காலம் பூட்டிக்கிடந்த ஆலைக் கேட்டில் தொழிலாளர் கூட்டம் நடந்தது. அப்பா என்னையும் அழைத்துப் போனார். தொழிற்சங்கத் தலைவர் பேச்சின் நடுவில் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். இந்தக் குழந்தைக்கு என்ன பதில் சொல்லப் போகிறோம் என்று கேட்டு, மைக்கை என் வாயருகே நீட்டினார். கீழே அத்தனை முகங்கள். சொல்வதற்கு என்னிடம் ஒன்றுதான் இருந்தது.

"சங்க ஊதச் சொல்லுங்க. என்னால இதுக்கு மேல தாங்க முடியாது."

கேட்டே அதிரும்படி கைதட்டினார்கள். அப்பா மட்டும் தட்டவில்லை. விரல் வாயில் இருந்தது. கண்ணை என்மீதிருந்து எடுக்கவேயில்லை.

எத்தனை நாள் அப்படிப் போனது என்று நினைவில்லை. கனவில் யார் நாள் எண்ணுவார்கள்? சோறு கஞ்சியானதும், அம்மாவின் வளையல் சத்தம் நின்றுபோனதும்கூடக் கனவின் சேட்டை என்றே எடுத்துக்கொண்டேன். பிறகு ஒரு காலையில், நான் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, முன்னறிவிப்பில்லாமல் சங்கு ஊதியது. முதலில் நாய்கள் ஓடின. அம்மாவின் கையிலிருந்து குடம் நழுவியது. அப்பா வாயிலிருந்து விரலை எடுத்து, அது யாருடைய விரல் என்பதுபோல ஒரு கணம் பார்த்தார். பிறகு குழாயடிக்கு வந்து முகம் கழுவ ஆரம்பித்தவர், கழுவிக்கொண்டே இருந்தார்.

முழிச்சிட்டீங்களாப்பா என்று கேட்டேன். முகத்தைத் துடைக்காமலே தலையாட்டினார்.

நானும் விழித்துவிட்டேன். மத்தியானத்துக்குள் வானம் பழையபடி சாம்பல் நிறமானது, வேட்டியில் கரித்தூள் விழுந்தது, சாயங்காலம் என் விரல் வாய்க்குத் திரும்பியது. எல்லாம் சரியாகிவிட்டது. அப்பாவின் நகங்களை மட்டும் தினமும் கவனித்துக்கொண்டிருந்தேன். அவை வளர்ந்துவிட்டால் அவரும் முழுதாக விழித்துவிட்டார் என்று கணக்கு. வளரவேயில்லை. ஷிப்ட் இல்லாத நாளில் வீட்டில் இருந்தால், மூன்று மணி நெருங்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு வாசற்படிக்குப் போவார். விரல் வாய்க்குப் போகும். சங்கு ஊதி முடித்த பிறகுதான் இறங்கும்.

மாமாவுக்கு வசியம் வைக்கத் தெரிகிறது, சரியாக எடுக்கத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.