சாட்டியில் ஒரு குளிப்பு

அல்லைப்பிட்டி மேரிறோஸ் சிறுவயதில் மீன்குஞ்சு மாதிரி நீந்துவாள். பெரியபிள்ளையானதும் தாய் மறித்துவிட்டாள். "இனிக் கரையில நிண்டு வலையைக் காயவிட்டாப் போதும்." அத்தோடு சரி. இருபத்தாறு வருஷமாகக் கடல் வாசலுக்கு முன்னால்தான் கிடந்தது. காலை நனைப்பதோடு நின்றுகொண்டாள். இதைவிட ஒரு கொடுமை உண்டா, சொல்லுங்கள்?

1974இல் புருஷன் பஸ்ரியாம்பிள்ளை தன் மோட்டர் வள்ளத்தில் சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்துக் கந்தோர் உத்தியோகத்தர்களின் குடும்பங்களை ஏற்றத் தொடங்கினான். நயினாதீவு பார்த்துத் திரும்பும் வழியில் சாட்டிக் கடற்கரையில் இறக்கி ஒரு கடற்குளிப்பு. கரையில் பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சிக் கொடுக்க மேரிறோசும் போனாள்.

சாட்டியில் ஒரே கொண்டாட்டம். பெண்கள் சீலையோடு இறங்கிக் கைகோத்துத் துள்ளினார்கள். ஆண்கள் லொறி ரியூப்பில் மிதந்தார்கள். ஐஸ்பழக்காரன் மணியடித்தபடி திரிந்தான். மேரிறோஸ் அகப்பையோடு நின்று பார்த்தாள். நீந்தத் தெரியாததுகளெல்லாம் தண்ணீருக்குள், தெரிந்தவள் அடுப்படியில். வயிறு எரியாமல் என்ன செய்யும்? ஒருக்கால் நீந்தினால் போதும், ஒரேயொரு தரம் என்று ஒவ்வொரு சனியும் ஏங்கினாள்.

ஐந்தாம் சனி, சறோஜினிதேவி என்ற ரீச்சர் அவளிடம் வந்தாள். "அக்கா, எனக்குப் பயமாக் கிடக்கு. ஒருக்காக் கையைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோவன்."

இதற்குத்தானே காத்திருந்தாள். நெஞ்சளவு தண்ணீர் வந்ததும் ரீச்சரைப் பக்கத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு நிலத்தை விட்டாள். கைகால்கள் ஒன்றையும் மறக்கவில்லை. நங்கூரம் போட்டிருந்த வள்ளத்தைச் சுற்றித் திரும்பினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

கரை கைதட்டியது. ஒரு கிளாக்கர் வள்ளத்தில் நின்ற பஸ்ரியாம்பிள்ளையைக் கூப்பிட்டார். "அண்ணை, நீங்களும் குதியுங்கோ. ஆர் முந்தியெண்டு பாப்பம்."

அவன் வெளிறிப்போனான். அவனுக்கு நீச்சல் தெரியாது. கடலோடிக்கு நீச்சல் தெரியாதா என்று கேட்காதீர்கள். வள்ளம் ஓட்டப் பழகினான், நீந்தப் பழகவில்லை. அது அவளுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

"அவருக்கு நல்ல தடிமன், மூக்கால ஓடுது. தண்ணிக்க இறங்க ஏலாது," என்றாள் மேரிறோஸ்.

அவன் நன்றியோடு பார்த்தான். அந்தப் பார்வையை நம்பி, இனி எல்லாச் சனியும் தனக்குத்தான் என்று நினைத்துவிட்டாள் பேதை.

அடுத்த சனி விடிய அவள் ஒடியல்மாவோடு கரைக்கு வந்தால், வள்ளத்தில் அவனுடைய தமக்கை கத்தரீனா இருந்தாள்.

"கூழுக்கு அக்கா வாறா. நீர் நில்லும்."

"அந்தச் சங்கதியை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே?"

"நீர் சொல்லமாட்டீர். ஆனா நீர் நீந்தினா அதுகள் என்னைக் கேக்குங்கள். எத்தினை நாளைக்குத் தடிமன் எண்டு சொல்லுறது?"

ஏசியிருந்தால் அவளும் ஏசியிருப்பாள். அவன் கெஞ்சினான். அவள் மாப்பையைக் கத்தரீனாவிடம் நீட்டினாள். "புளி கனக்க விடாதேங்கோ, மச்சாள்."

வள்ளம் மெல்ல விலகியது. நீந்தினால் இன்னும் எட்டிப் பிடித்துவிடலாம் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும், திரும்பிப் பார்க்காமல் மெஷினை முடுக்கினான்.