மாமாவின் சைக்கிளும் கோவில் கதவும்

எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஒரு பழைய சைக்கிள் நிற்கிறது. சீட்டுக்குக் கீழே, குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தில், உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் சுரண்டப்பட்டிருக்கும். மேலே பச்சை, அதற்கடியில் செங்கல் நிறம், பிறகு நீலம், அப்புறம் காவி, மஞ்சள், கடைசியில் கறுப்பு. நறுக்கிய வெங்காயத்தின் வளையங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். போன மாதம் மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். பழைய வண்டிகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவராம். குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இது என்ன மாடல்மா? எந்த வருசத்து வண்டி?" என்று கேட்டார். இதே கேள்வியை இதே வீட்டு முற்றத்தில் வைத்து ஒரு முறை கேட்டார்கள். அன்றைக்கு அதன் பதிலில்தான் என் மாமனாரின் மானம் இருந்தது.

மாமா ஸ்ரீவில்லிபுத்தூர் வேதக்கோவிலில் உபதேசியார். குருவானவருக்குக் கீழே இருந்துகொண்டு, சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய் ஜெபம் நடத்துகிற வேலை. யுத்த காலத்தில் நான் இராஜபாளையத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது, மாமாவை அந்தச் சைக்கிள் இல்லாமல் பார்ப்பதே அபூர்வம். மம்சாபுரம் ரோட்டில் மணிச்சத்தம் கேட்டாலே வருவது யாரென்று ஊருக்குத் தெரியும். முன்பு இங்கே இருந்த வெள்ளைக்காரப் பாதிரியார் தாம் ஓட்டிய வண்டியை மாமாவுக்குக் கொடுத்தார். சில வருஷம் கழித்து மிஷனுக்கென்று புதிதாக இன்னொரு சைக்கிள் வந்தது. பாதிரியார் சீமைக்குப் போன பிறகு அந்தப் புது வண்டி பங்களாக் கொட்டகையில் கிடந்து, எப்போது யார் கொண்டுபோனார்கள் என்று தெரியாமலே காணாமல் போய்விட்டது.

புதிய குருவானவர் வந்து சாமான்களைச் சரிபார்த்ததும்தான் வினை பிறந்தது. ஒரு சைக்கிளைக் காணோம்; ஊரில் உபதேசியார் ஒருவர்தான் சைக்கிளில் போகிறார். பாதிரியார் கொடுத்த பழையது எப்போதோ செத்திருக்கும், இவர் ஓட்டுவது மிஷன் வண்டிதான் என்று சபைக் கமிட்டியில் பேச்சு வந்துவிட்டது. பாதிரியாரிடம் கேட்கலாமென்றால் யுத்தத்தில் அவர் எங்கே இருக்கிறாரோ. மாமா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருப்பார். திருட்டுப் பட்டம் சுமந்தவர் எந்த வீட்டு வாசலில் போய் நின்று ஜெபம் பண்ணுவது?

ஒரு சனிக்கிழமை காலையில் குருவானவரும் கமிட்டிப் பெரியவரும் வீட்டுக்கு வந்தார்கள். வண்டி எந்தக் காலத்தது என்று பார்த்துச் சொல்ல இராஜபாளையத்துச் சைக்கிள் கடைக்காரர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார்கள். தெலுங்கு பேசுகிற மனிதர், நல்ல சுபாவம். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், பிரேக்கை அழுத்திப் பார்த்தார். "ராமா! எல்லாமே பொறவு மாத்துனதால்ல இருக்கு" என்று தலையைச் சொறிந்தார். பழைய மாடலாக இருந்தால் பின்சக்கர அச்சில், கால் வைத்து ஏறுவதற்கு இரும்புக் குச்சி ஒன்று நீட்டிக்கொண்டிருக்குமாம். அதை எங்கே என்று கேட்டார்.

"அது வேட்டியில மாட்டுது, கிழிக்குதுன்னு நாந்தான் அறுத்துப் போட்டேன்" என்றார் மாமா.

உள்ளே நின்ற என் மாமியார், அத்தை, தலையில் அடித்துக்கொண்டாள். ஒரே சாட்சியைத் தன் கையாலேயே அறுத்துப் போட்ட மனிதரை என்னவென்று சொல்வது! கமிட்டிப் பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

சீட்டுக்கடியில் நம்பர் இருக்கும், பெயின்ட் மூடியிருக்கிறது என்று கடைக்காரர் கத்தியை எடுத்தார். சுரண்டச் சுரண்ட ஒவ்வொரு நிறமாக வந்தது. நம்பரும் அரைகுறையாகத் தெரிந்தது. ஆனால் அதை வைத்து வருஷம் சொல்ல வேண்டியது சீமையிலிருக்கும் கம்பெனியாம். மாமாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அத்தை வாசலுக்கு வந்தாள். "நம்பர் கெடக்கட்டும் ஐயா, பெயின்ட்டப் பாருங்க. கிறிஸ்மஸுக்குக் கோவில் கதவுக்கு அடிச்சு மிஞ்சுனத இவிய வீணாக்க மாட்டாக. அம்புட்டும் இந்த வண்டி மேலதான் பூசியிருக்கு. நாத்தம் தாங்காம நான் எம்புட்டு நாளு சண்ட போட்டிருக்கேன் தெரியுமா!"

பெரியவர் குனிந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செத்த நேரம் பார்த்தார். "இந்தப் பச்சை இப்பம் இருக்கது. செங்கல் நெறம் அதுக்கு முந்தி. நீலம்…" என்று நிறுத்தினார். பிறகு குரல் மாறிவிட்டது. "மிஷன் சைக்கிள் வந்த அன்னைக்கு அத நீலக் கதவுலல்லா சாத்தி வச்சு ஜெபம் பண்ணுனோம். பெயின்ட் காயாம ஹேண்டில்ல ஒட்டிக்கிட்டு, பாதிரியாரே விழுந்து விழுந்து சிரிச்சாகளே!"

நீலத்துக்கு அடியில் காவியும் மஞ்சளும் இருந்தன. மிஷன் வண்டி ஊருக்குள் வருவதற்கு முன்பே இந்த வண்டி கோவில் பெயின்ட்டைப் பூசிக்கொண்டிருக்கிறது. பெரியவர் எழுந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர், தப்பென்று தெரிந்த பிறகு வீம்பு பிடிக்கவில்லை. "ஆனாலும் உபதேசியாரே, கோவில் பெயின்ட்ட வண்டிக்கு அடிச்சிருக்கீரே!" என்று குருவானவர் கேலி செய்ய, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. கீழே உதிர்ந்து கிடந்த பெயின்ட் சிம்புகளைத் துண்டால் கூட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குக் கோவில் கதவு வெள்ளையாயிற்று. கோவிலில் வேலை செய்தவர்கள் மிச்ச டப்பாவை வழக்கம்போல வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். சுரண்டிய இடத்தையாவது மூடிவிடலாமே என்று நான் மாமாவிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"இருக்கட்டும்மா. நாளைக்கு இன்னொருத்தர் கேட்டா, மறுபடியும் சொரண்டணும்லா" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கடைசிவரை அந்த வண்டிக்குப் பெயின்ட் அடிக்கவேயில்லை. மழையில் துரு ஏறாமலிருக்க அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் மட்டும் தடவுவார். இப்போது நான் தடவுகிறேன்.

மதுரைக்காரர் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். "நீலத்துக்கு ரெண்டு பெயின்ட் முந்துன வண்டி" என்றேன். அவருக்குப் புரியவில்லை, மரியாதைக்குச் சிரித்தார். வருஷத்தைத் தாமே கண்டுபிடித்துவிடலாம், நம்பர் முழுசாகத் தெரிய இன்னும் கொஞ்சம் எடுத்தால் போதும் என்று பையிலிருந்து சின்னக் கத்தி ஒன்றை எடுத்தார். நான் எழுந்துபோய் அந்த இடத்தில் கையை வைத்து மூடிக்கொண்டேன்.

"வேண்டாம்யா. சொரண்டுனது ஒரு தடவை போதும்."