ஞாயிறு இரவு நான்கு மணி

1910 மே மாதம் வால் நட்சத்திரம் பார்க்க நானும் என் அக்காவும் தைப்பிங்கிலிருந்து பினாங்குக்குப் போனோம். எங்கள் ஊருக்குக் கிழக்கே மலை. விடியுமுன் அந்தப் பக்கம் எழுகிற எதையும் இங்கே பார்க்க முடியாது. போதாததற்குத் தினமும் மழை. அக்காவுக்கு இரண்டு கண்ணும் மங்கிக்கொண்டு வந்தன. வருட முடிவுக்குள் பார்வை முழுதாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுபத்தைந்து வருடத்துக்கு ஒருமுறை வருவதை அதற்குள் பார்த்தே தீரவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

நான் சர்வே ஆபீஸ் குமாஸ்தா. இங்கிலீஷ் பேப்பரைத் தமிழில் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஞாயிறு நான்கு மணிக்குப் பினாங்குக் கரையில் நன்றாகத் தெரியும் என்று போட்டிருந்தது. "ஞாயிற்றுக்கிழமை இரவு நாலு மணிக்கு அக்கா" என்று சொன்னேன். திங்கட்கிழமைக்கு லீவும் எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ரயில். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பிறை ஸ்டேஷனுக்கு ஏறத்தாழ அறுபது மைல், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அங்கிருந்து நீராவிப் படகில் அரை மணி. அக்கா வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டபடியே வந்தாள்.

"அது என்னடா, வெள்ளையாய்?"

"கப்பல் பாய் அக்கா."

"பாய் எண்டு தெரியுது. எத்தனை எண்டுதான் தெரியேல்லை."

சூலியா தெருவில் மாடி அறை எடுத்தோம், இரவுக்கு எண்பது காசு. அக்கா படுத்துவிட்டாள். நான் கீழே நாகூர்க்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் தேநீர் குடிக்கப் போனேன். வந்த காரியத்தைக் கேட்டதும் அவர் சிரித்தார்.

"வால் நட்சத்திரமா? இன்னைக்கு விடியக்காலமே பாத்தாச்சே தம்பி! கரையில நிக்க எடமில்லே. வாலு பாதி வானத்துக்கு நீட்டிக்கிட்டு நின்னுச்சு லா."

"பேப்பரிலை ஞாயிற்றுக்கிழமை எண்டெல்லே போட்டிருக்கு?"

"இன்னைக்குத்தானே தம்பி ஞாயிறு?"

சட்டைப் பையிலிருந்த பேப்பரை எடுத்துப் பார்த்தேன். ஞாயிறு காலை என்று தெளிவாக இருந்தது. நமக்குச் சூரியன் வந்தால்தான் கிழமை பிறக்கும். அதற்கு முந்திய நான்கு மணி, போன நாளின் இரவு. வெள்ளைக்காரனுக்கோ நடுச்சாமத்திலேயே கிழமை பிறந்துவிடுகிறது. பதினொரு வருடமாக அவர்கள் கணக்கில் தேதி போட்டுக் கடிதம் எழுதுகிறவன் நான். அக்காவிடம் சொல்லும்போது மட்டும் வாய் வீட்டுப் பழக்கத்துக்குப் போய்விட்டது.

"மழை இல்லாட்டி நாளைக்கும் தெரியும் தம்பி" என்றார் கடைக்காரர். அதை நம்பி அக்காவிடம் எதையும் சொல்லவில்லை.

அன்று பின்னிரவு மூன்றரை மணிக்குக் கரையில் நின்றோம். எதிர்க்கரை விளக்குகள் தெரிந்தன. அதற்கு மேலே ஒரே மேகம். நான்கு மணிக்குத் தூறல், பிறகு பெருமழை. அக்கா குடைக்குள் கிழக்கே பார்த்தபடி விடியும்வரை நின்றாள்.

"கொஞ்சம் விலகுதோடா?"

"இல்லை அக்கா."

வெளுத்த பிறகு என் தோளைத் தட்டினாள். "மழைக்கு நீ என்ன செய்வாய்? உன்னாலை ஏலுமானதைச் செய்தாய்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். குடையைப் பிடித்தபடி அவளை அறைக்குக் கூட்டிப் போனேன்.

அடுத்த வாரம் நட்சத்திரம் மாலையில் மேற்கே வந்தது. தைப்பிங்கிலேயே பார்த்தார்கள். ஆனால் நல்ல நிலாக்காலம். என் கண்ணுக்கே மெல்லிய கீற்றாகத்தான் இருந்தது. அக்காவுக்கு நிலா மட்டும் தெரிந்தது. கார்த்திகை பிறக்குமுன் அதுவும் தெரியாமல் போயிற்று.

இப்படி வானம் பார்க்கப் போகிறவர்கள் ஒரு நாள் முந்திப் போங்கள், இரண்டு விடியலாவது கையில் இருக்கட்டும். பினாங்கில் கரை விளக்குகளை விட்டுத் தள்ளி நில்லுங்கள், குடை மறக்காதீர்கள். பேப்பரில் கிழமையைப் பார்த்தால் அது நடுச்சாமத்தில் பிறக்கிற கிழமை என்று வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள்.

அக்கா இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் அந்த மழையைத்தான் திட்டுகிறாள். இது அச்சில் வந்தால் வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்காருவாள். இப்போது எங்கள் வீட்டில் வாசிக்கிறவன் நான் ஒருவன்தான். சாப்பாட்டுக் கடையில் நடந்ததை விட்டுவிடாமல் வாசிக்க எனக்குத் தைரியம் வர வேண்டும்.