பேயாண்டியின் மஞ்சள் வளையங்கள்

இடது மணிக்கட்டில் ஐந்தாறு மஞ்சள் பிளாஸ்டிக் வளையங்களை ஏற்றிக்கொண்டு அலமாரி அலமாரியாகப் போகிறார் பேயாண்டி. "எத்தனாவது மாசம்ணே? வளைகாப்புக்குச் சொல்லவே இல்லையே" என்கிறான் எந்திரம் ஓட்டும் கண்ணுச்சாமி. "வாய மூடிட்டு வேலயப் பாரு மாப்ள. அறைஞ்சேன்னா நீ புள்ளயப் பெத்துருவ."

பசுமலைப் பக்கம், கல்லூரித் தேர்வு மதிப்பெண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முடிவுகளை அச்சடித்துக் கொடுக்கும் நிலையம் அது. மதிப்பெண்களைக் காந்த நாடாவில் படியெடுத்து, சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டுகளாகச் சுற்றி அலமாரியில் நிறுத்தியிருப்பார்கள். எதை வைப்பது, எதை அழிப்பது என்று பார்ப்பது பேயாண்டி. வட்டின் முதுகுப் பள்ளத்தில் மஞ்சள் வளையம் மாட்டியிருந்தால்தான் எந்திரம் அதை அழிக்கும். கழற்றிவிட்டால் படிக்க மட்டுமே செய்யும். காப்பாற்ற வேண்டிய வட்டுகளின் வளையங்கள்தாம் அவர் கையில் கிடப்பவை.

ஏ.சி. குளிருக்குக் கழுத்தைச் சுற்றித் துண்டு. அதற்கு மேலே எந்நேரமும் சிவந்த முகம். பேருந்தை விட்டு இறங்கியதும் டிக்கெட்டைக் கிழித்துப் போடுவார். டீக்கடையில் முந்தின நாள் பேப்பர் கிடந்தால் கடைக்காரருக்குத் திட்டு விழும். யாராவது ஒரு பழைய வட்டை நீட்டி, "இருக்கட்டும்ணே, எதுக்கும் ஆகும்" என்றால் போதும். "எதுக்கும்னா எதுக்கு? சொல்லு! செத்ததத் தூக்கிப் போடாம நடுவீட்டுல வச்சுக் கும்புடுவியா?"

போன வருஷம் வரை அவருக்கு இத்தனை கோபம் கிடையாது. போன பொங்கலுக்கு முன்னால், பிழை திருத்திய மதிப்பெண்கள் புது வட்டில் ஏறிவிட்டன. திருத்தத்துக்கு முந்தின வட்டை அழிக்கப் போனவரை மேலாளர் சிவசங்கரன் தடுத்தார். "பொங்கல் கழியட்டுமே, இப்ப என்ன அவசரம்?" இவரும் சரியென்று அலங்காநல்லூருக்கு மாடு பார்க்கப் போய்விட்டார். ஊரே பொங்கலில் இருக்க, தனியாக அச்சடித்துக்கொண்டிருந்த கண்ணுச்சாமிக்குப் பாதியில் மின்சாரம் போய், எந்திரத்தில் இருந்ததெல்லாம் அழிந்தது. மின்சாரம் வந்ததும் அலமாரியில் கைக்கு அகப்பட்ட வட்டை மாட்டி மீதியை அடித்து முடித்தான். அது பழையது.

திருவாதவூர் மாணவி அன்னக்கொடி நாற்பத்தொன்று வாங்கிய தாளில், ஏற்றியவர் தவறால் பதினாலு விழுந்திருந்தது. புது வட்டில் திருத்தியது, பழையதில் அப்படியே. தோற்றதாக முடிவுத் தாள் வீட்டுக்குப் போனது. 'படிச்சுக் கிழிச்சது போதும்' என்று வீட்டில் பரிசம் போட்டுவிட்டார்கள். பிழை தெரிந்து, தேறியதாக இன்னொரு தாள் போய்ச் சேர்வதற்குள் கல்யாணமே முடிந்திருந்தது. மஞ்சள் காயாத தாலியோடு நிலைய வாசலில் வந்து நின்று, இரண்டு தாள்களையும் பேயாண்டியிடம் நீட்டினாள். "இதுல எது சார் நெசம்?"

அவருக்கு அன்றைக்குப் பிடித்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

இந்த வருஷமும் பொங்கல் வந்துவிட்டது. திருத்தியதை இரண்டு வட்டுகளில் ஏற்றி, இரண்டையும் எந்திரத்தில் ஓட்டிப் படித்துப் பார்த்து, ஒன்றை அடுத்த கட்டடத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார் பேயாண்டி. திருத்தாத வட்டை அவர் கையில் எடுத்தபோது சிவசங்கரன் வந்தார்.

"அது இருந்துட்டுப் போகட்டும் பேயாண்டி. பொங்கல் கழியட்டும்."

"போன வருசமும் இதத்தான் சார் சொன்னீக."

"நாளைக்கு ஒண்ணுன்னா மேல நான்தானய்யா பதில் சொல்லணும்?"

"மேல நீங்க சொல்லுவீக. வாசல்ல வந்து நிக்கிற புள்ளைக்கு யாரு சொல்றது?" பேயாண்டியின் குரல் எந்திர இரைச்சலுக்கு மேலே போயிற்று. "அம்புட்டுப் பேரும் பொங்கலுக்குப் போயிருவோம். இவன் ஒருத்தன் இங்க கெடப்பான். கரண்டு போகும். இவன் கை எதுல படும்னு ஒங்களுக்குத் தெரியுமா சார்?"

கண்ணுச்சாமி தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் வேண்டாம்னு சொல்றேன்" என்றார் சிவசங்கரன்.

பேயாண்டி மணிக்கட்டிலிருந்து ஒரு வளையத்தை உருவினார். மேலாளர் கண்ணைப் பார்த்தபடியே, அதைப் பழைய வட்டின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.