நாலாயிரம் என்று திருகியவன்

கேப்டனாக இருந்தபோது, என் பிழையைத் துணை விமானி மேல் போட்டேன்.

அலங்காநல்லூரில் தங்கை வீட்டு விசேஷத்தை முடித்துவிட்டு, தூங்காமலே விமானம் ஓட்ட வந்திருந்தேன். இறங்கும்போது ஆறாயிரம் அடியில் நிற்கச் சொன்னது கட்டுப்பாட்டு அறை. நான் உயரத்தைக் குறிக்கும் கருவியில் நாலாயிரம் என்று திருகினேன்.

"சார், ஆறாயிரம்" என்றார் துணை விமானி.

"எனக்குத் தெரியும்பா."

ஆறாயிரத்தைத் தாண்டிக் கீழே போனோம். கட்டுப்பாட்டு அறை அலறிய பிறகே மேலேறினோம். விசாரணையில், திருகியது அவர் என்றேன். அவர் கேப்டன் ஆகவேயில்லை.

ஓய்வுபெற்ற பின் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உண்மையை நிறுவனத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. கடிதத்தின் நகலோடு சிம்மக்கல்லில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வாங்கவில்லை.

"எங்கப்பாகிட்ட வாசிச்சுக் காட்டுங்க சார். அவருதான் இன்னும் என்னைய நம்பல."

வாசித்தேன். அவருடைய தந்தை மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "இம்புட்டு வருசமா எங்கய்யா இருந்தீக?" என்றார்.

அதே ஊரில், கோச்சடையில்தான் இருந்தேன்.