அரைச்சாட்சியின் மீதி

செத்துப்போனவர்களில் கெட்டவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. எங்கள் சபையில் யார் இறந்தாலும் அடக்க ஆராதனையில் வாசிக்கும் வாழ்க்கைக் குறிப்பு என் கடையில்தான் டைப் ஆகி அச்சாகிறது. பதினெட்டு வருடமாக இதே பிழைப்பு. வாசிப்பதும் நான்தான், குரல் நன்றாக இருக்கிறதாம். அந்தக் குறிப்புகளை நம்பினால், இந்த ஊரில் வாழ்ந்து முடித்த அத்தனை பேரும் சாந்த குணமுள்ளவர்கள், எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர்கள், ஏழைக்கு இரங்கியவர்கள். அப்படியென்றால் பக்கத்து வீட்டுக்காரன் இடத்தில் அரையடி தள்ளிச் சுவர் எழுப்பியது யார், மாமியாருக்குத் தனித் தட்டு வைத்தது யார் என்று கேட்கத் தோன்றும். கேட்கமாட்டேன். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு ஃபைல்தான் வைத்திருக்கிறேன். பெயரையும் தேதியையும் மாற்றினால் வேலை முடிந்தது. ஒருமுறை அவசரத்தில், முந்தைய ஆளின் நான்கு பெண் பிள்ளைகள் கல்யாணமே ஆகாத ஒரு தபால்காரரின் குறிப்பில் அப்படியே தங்கிவிட்டார்கள். நானும் வாசித்துவிட்டேன். கூட்டத்தில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இந்த லட்சணத்தில்தான் அரைச்சாட்சியின் குறிப்பும் என்னிடம் வந்தது.

அவர் ரொட்டி வேன் ஓட்டியவர். முப்பத்தைந்து வருடம். விடிவதற்குள் பேக்கரியின் பின்வாசலில் தட்டுகளை ஏற்றி, நாற்பது கடைகளில் இறக்கி, முந்தின நாள் விற்காததைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தால், பகல் பதினொரு மணிக்கு வேலை தீர்ந்துவிடும். எங்கள் தெருப்பக்கம் குடிவந்து இருபது வருடம் இருக்கும். சட்டையில் எப்போதும் மாவு வாசனை. யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனிதர். அப்படிப்பட்டவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் என்று நினைத்துக்கொள்வேன்.

பட்டப்பெயர் வைத்தது நான்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் நடுவே சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. மைக் கைமாறிக்கொண்டே போகும். ஒருவர் புது பைக்குக்காக ஸ்தோத்திரம் சொல்வார். அடுத்தவர் மகளின் வெளிநாட்டு வேலைக்காக. இன்னொருவர் கரைந்துபோன பித்தப்பைக் கல்லுக்காக, கல்லின் அளவோடு. தெருவில் கரண்ட் எகிறி எல்லார் வீட்டு ஃபிரிட்ஜும் புகைந்தபோது தன் வீட்டு ஃபிரிட்ஜை மட்டும் கர்த்தர் இரட்சித்தார் என்று ஒரு அம்மா கண்ணீரோடு சொன்னார். ஆமென் கூரையைத் தூக்கியது. சிலுவையில் உயிரைக் கொடுத்து வாங்கிய இரட்சிப்பைப் பற்றி அந்த மைக்கில் எவரும் மூச்சு விட்டதில்லை. அது பாட்டுப் புத்தகத்தில் இருக்கிறதே, போதாதா?

ரொட்டிக்காரர் ஒருவர்தான் விதிவிலக்கு. மைக் வந்ததும் எழுந்து, கர்த்தர் தன்னை இரட்சித்தார் என்று ஆரம்பிப்பார். "நான் எப்படி இருந்தவன்னா..." என்று அடுத்த அடி எடுத்து வைப்பார். முன்வரிசையில் இருக்கும் மகன் தொண்டையைச் செருமுவான். இவர் மகனின் பிடரியை ஒரு கணம் பார்ப்பார். "ஸ்தோத்திரம்" என்று முடித்து உட்கார்ந்துவிடுவார். வாரம் தவறாமல் இதே கூத்து. சாட்சியில் பாதியை வீட்டில் வைத்துவிட்டு வருகிற மனிதருக்கு அரைச்சாட்சி என்ற பெயர் பொருத்தமாக இருந்தது. பாஸ்டரே ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

அவருடைய மனைவி பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சு. பாட்டு கிழக்கே போனால் அந்த அக்கா மேற்கே போவார். பாடும்போது வலது கையைத் தூக்குவார். சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்ளே மடங்கியே இருக்கும், நிமிராது. வாஷிங் மெஷினில் மாட்டிக்கொண்டது என்று கேள்வி. கோணல் கை, கோணல் பாட்டு என்று நான் பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுத்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ரொட்டிக்காரர் காலையில் செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு. மறுநாள் காலை மகனும் மகளும் கடைக்கு வந்தார்கள். மகன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மேனேஜர். தலைமுடிக்கும் ஷூவுக்கும் ஒரே பளபளப்பு. மகள் பள்ளிக்கூட டீச்சர், அழுது முகம் வீங்கியிருந்தது. மகன் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ரொட்டி வேன் என்று போட வேண்டாமாம், "உணவு விநியோகத் துறை" என்று போட வேண்டுமாம். என் ஃபைலில், எப்போது மனம் திரும்பி இரட்சிக்கப்பட்டார் என்பதற்கு ஒரு வரி இருக்கிறது. அதைக் கேட்டேன்.

"சின்ன வயசுல இருந்தே பக்தியானவர்னு போடுங்க அங்கிள்," என்றான்.

போட்டேன். அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

மதியம் அந்த அக்கா தனியாக நடந்தே வந்தார். புருஷன் ஐஸ் பெட்டியில் இருக்கும்போது கடைவீதியில் நடந்து வருகிற பெண்ணை எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அக்கா குறிப்பை வாசித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். எதிலிருந்து இரட்சித்தார் என்று இதில் இல்லையே என்று கேட்டார். நான் வழக்கமாகச் சொல்கிற மழுப்பலை ஆரம்பித்தேன். அவர் ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடி மேல் வலது கையை விரித்து வைத்தார். விரித்தது என்ன, மூன்று விரல்தான் விரிந்தது.

"இது மெஷின்ல மாட்டல தம்பி. மெஷினே இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் வாங்கினோம். அவரு கதவைச் சாத்துனாரு. கை இருக்குதுன்னு தெரிஞ்சேதான் சாத்துனாரு."

பிறகு நிதானமாகச் சொன்னார். பதினொரு மணிக்கு வேலை முடிந்தால் பன்னிரண்டுக்குக் குடி, இரண்டுக்கு அடி. ஏழு வருடம். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், வெயில் தாங்காமல் ஒரு ஜெபவீட்டில் ஃபேனுக்கு அடியில் உட்காரப் போனவர், வேறு ஆளாக வெளியே வந்தார். அதற்குப் பிறகு கை ஓங்கியதில்லை. அதைச் சபையில் சொல்ல வேண்டும் என்று அந்த மனிதர் இருபது வருடமாகத் தவித்திருக்கிறார். மகனுக்கு வெட்கம் என்று விழுங்கிவிட்டார்.

"செத்த பிறகாவது முழுசா சொல்லட்டும். ஒரே ஒரு வரி போடுங்க," என்றார். வரியையும் அவரே சொன்னார்: 'குடித்துவிட்டு மனைவியை அடித்துக்கொண்டிருந்த இந்த மனிதரைக் கர்த்தர் இரட்சித்தார். அவருக்கே துதி.'

அவர் கண்முன்னாலேயே டைப் அடித்தேன். அவர் தெருமுனை தாண்டியதும் மகனுக்குப் போன் போட்டேன். அம்மா அதிர்ச்சியில் ஏதோ பேசுகிறார், சம்பந்தி வீட்டார் எல்லாம் வருகிறார்கள், அந்த வரியை எடுக்காவிட்டால் வேறு கடையில் அடித்துக்கொள்வோம் என்றான். எடுத்துவிட்டேன். ஊரில் உள்ள பொய்யையெல்லாம் பதினெட்டு வருடம் எள்ளி நகையாடியவனுக்கு, உண்மை ஒரு வரி கையில் கிடைத்ததும் அதை அழிக்க ஒரு விரல் போதுமாக இருந்தது.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அடக்க ஆராதனை. கோவில் நிறைந்திருந்தது. பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் அந்த அக்கா, கையில் தாளோடு. நான் மைக்கில் வாசித்தேன். சின்ன வயது முதலே பக்தியானவர், சாந்த சொரூபி, உணவு விநியோகத் துறை. என் குரல் நன்றாகத்தான் இருந்தது. அவர் தாளில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கூடவே வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு என்னை.

"தம்பி, ஒரு வரியை விட்டுட்டீங்க," என்றார்.

தாளில் இவ்வளவுதான் இருக்கிறது என்றேன். நான்தான் அச்சடித்தேன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் எழுந்து வந்து மைக்குக்குக் கையை நீட்டினார். பாஸ்டர் மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தான். கொடுத்துவிட்டேன். வீரம் ஒன்றுமில்லை, நீட்டியது அந்தக் கை, கொடுக்காமலிருக்க வழி தெரியவில்லை.

கடையில் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னார். கதவு என்ற சொல் வந்ததும் மகன் தொண்டையைச் செருமினான்.

"செருமிக்கோ," என்றார் அவர். "உங்கப்பா நிறுத்திடுவாரு. நான் நிறுத்தமாட்டேன்."

அதோடு விட்டிருந்தால் புருஷன் குற்றத்தைச் சொன்ன பெண் என்று ஊர் பேசி முடித்திருக்கும். அவர் விடவில்லை.

"அவரை மட்டும்தான் இரட்சிச்சாருன்னு நினைக்காதீங்க. கையில கட்டோட இருக்கறப்போ ஒருநாள் எலி மருந்து வாங்கிட்டு வந்து பால்ல கலந்து டம்ளர்ல வச்சிருந்தேன். அவரு வந்ததும் குடுக்கணும்னு. சாயங்காலம் நாலு மணி. எப்பவும் சத்தம் போட்டுக்கிட்டு வர்ற மனுஷன், அன்னைக்கு ஜெபவீட்டுலேருந்து பேசாம வந்து தரையில உட்கார்ந்து என் கட்டைப் பார்த்து அழறாரு. டம்ளர் என் கையில இருக்கு. நடிக்கிறான், குடுத்துடுன்னு மனசு சொல்லுது. எப்படிக் கொட்டினேன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. நானா கொட்டியிருக்கமாட்டேன். நான் அவ்வளவு நல்லவ இல்ல."

பாஸ்டர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

"மறு வருஷம் அவர்கிட்ட சொன்னேன். அப்புறம் அந்த டம்ளரை எடுத்து அவரே கழுவி வச்சாரு. ஞாயித்துக்கிழமை நான் கையைத் தூக்கறப்போ உங்களுக்கு வளைஞ்ச விரல் தெரியும். எனக்கு அந்த டம்ளர் தெரியும். நீங்க வண்டிக்கும் வீட்டுக்கும் ஸ்தோத்திரம் சொல்றீங்க, சொல்லுங்க. அதெல்லாம் போற நாள் வரும், அப்போ எதுக்குச் சொல்வீங்க? எனக்கு இருந்தவரு இதோ பெட்டியில கெடக்காரு. அன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் கெடச்சது இந்தப் பெட்டிக்குள்ள போகாது. அதுக்கு ஸ்தோத்திரம்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. ஃபிரிட்ஜுக்குக் கூரையைத் தூக்கிய கூட்டம் அது. ஒரு கொலைகாரியும் ஒரு முரடனும் பிழைத்ததற்கு வாய் வரவில்லை. பாஸ்டர் அவசரமாகப் பாட்டு எண்ணை அறிவித்தார். எவரும் எடுக்கவில்லை. அந்த அக்காவே எடுத்தார், வழக்கம்போல மேற்கே. கையைத் தூக்கிக்கொண்டு மூன்று சரணமும் தனியாகப் பாடி முடித்தார். மகன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அவமானம்தான், வேறென்ன.

அடுத்த புதன்கிழமை, பாக்கித் தாள் ஏதாவது வேண்டுமா என்று கேட்கும் சாக்கில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசை முழுக்க நான் அச்சடித்த வாழ்க்கைக் குறிப்புகள். பெஞ்சுகளில் ஜனங்கள் விட்டுவிட்டுப் போனதையெல்லாம் பொறுக்கி வந்திருக்கிறார். ஒவ்வொரு தாளின் அடியிலும் அந்தக் கோணல் கையால், கோணல் எழுத்தில், விட்டுப்போன வரியை எழுதிக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே இன்னொரு வரி: 'அவரைக் கொல்ல நினைத்த என்னையும்.' எதிரில் மகள் உட்கார்ந்து டீச்சர் கையெழுத்தில் அதையே எழுதிக்கொண்டிருந்தாள். அடக்கம் நடந்த அன்றுவரை அவள் வாஷிங் மெஷினைத்தான் நம்பிக்கொண்டிருந்தவள்.

எத்தனை தாள் என்று கேட்டேன். நூற்றி எழுபது என்றாள் மகள். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார்களாம்.

"எதுக்கு அக்கா கஷ்டப்படறீங்க? குடுங்க, ரெண்டு வரியும் சேர்த்து நானே புதுசா அடிச்சுத் தரேன்," என்றேன்.

அவர் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலேயே நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"வேணாம் தம்பி," என்றார். "நீங்க அழிச்சுடுவீங்க."