பழனிசாமி அண்ணனுக்கு ஒரு ஆடிட்

"டீச்சர்... ஞாயித்துக்கெழம மட்டும் நீங்க லீவு போட்டுக்கங்க."

சொன்னவர் சுலோச்சனா அக்கா. கேட்டுக்கொண்டிருந்தவள் நான். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டைப் பூட்டிவிட்டு, திருப்பூர்ப் பக்கம் பெருமாநல்லூர் தாண்டி இருக்கும் இந்த 'சீனியர் லிவிங் கம்யூனிட்டி'க்குக் குடிவந்துவிட்டேன். இனிமேல் நான் எதற்கு லீவு போடுவது? மூச்சு விடுவதற்கா?

"எதுக்குக்கா லீவு?"

"ஆடிட் வருதுங்கல்ல. உளர்றவங்களுக்கு அன்னிக்கு லீவு குடுத்தர்றதுதானுங்க வழக்கம்."

திருப்பூர் வாசகர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு மட்டும் சொல்கிறேன். வெளிநாட்டில் பனியன் வாங்கும் பையர், நம் ஊர்த் தொழிலாளிகள் சௌக்கியமாக இருக்கிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்புவார். அதுதான் ஆடிட். முதல் நாளே கம்பெனி கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். தீயணைப்பு சிலிண்டரில் தூசி துடைப்பார்கள். முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சு வந்துவிடும். யார் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தொழிலாளிகளுக்குப் பாடம் நடக்கும். பாடம் ஏறாதவர்களுக்கு மறுநாள் சம்பளத்தோடு லீவு!

சுலோச்சனா அக்கா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இந்த வேலையைத்தான் காலமெல்லாம் பார்த்தார். 'கம்ப்ளையன்ஸ் மேடம்' என்றால் தெரியாதவர் இல்லை. அவர் ஒருவரை உளறுவாய் என்று முடிவு செய்துவிட்டால் அப்பீல் கிடையாது. நான் வாராவாரம் பத்திரிகையில் எழுதி உளறுகிறவள் என்பதற்கு அச்சிட்ட ஆதாரம் வேறு இருக்கிறது. ஆனாலும் கெஞ்சினேன். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஹாலின் ஓரத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது.

சரி... வயதானவர்கள் இருக்கும் இடத்தில் ஏது ஆடிட்?

எங்களுக்கு ஷ்ரேயா என்று ஒரு ஆக்டிவிட்டி மேனேஜர். நல்ல பெண். முதியவர்களை மகிழ்ச்சியாக வைத்திருப்பது எப்படி என்று படித்துப் பட்டம் வாங்கியவர். எங்களோடு பேசும்போது மட்டும் அவர் குரல் எல்.கே.ஜி.க்கு இறங்கிவிடும். "எல்லாரும் கை தட்டலாமா... சூப்பர்!" காலையில் நாற்காலி யோகா. பிறகு லாஃப்டர் கிளப் – யாரும் ஜோக் சொல்ல மாட்டார்கள், ஆனால் சிரிக்க வேண்டும். அதன்பின் வட்டமாக உட்கார்ந்து பலூன் தட்டுவது. புதன்கிழமை மஞ்சள் உடை தினம். வெள்ளிக்கிழமை பட்டாம்பூச்சிக்கு வண்ணம் தீட்டுவது. முதல் வெள்ளிக்கிழமை, முன்பு டையிங் யூனிட், அதாவது சாயப்பட்டறை நடத்திய ஒருவர் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தார். கேட்டால், "எந்தக் கலருன்னு ஷேடு கார்டு இன்னும் வரலீங்களே!" என்றார்.

ஒரு காலத்தில் பனியன் கம்பெனிகளில் இருநூறு மெஷின் ஓட்டிய கூட்டம் இது. கோட்டுக்கு வெளியே வண்ணம் போகாமல் தீட்டினால் இப்போது கன்னத்தில் ஸ்டார் ஒட்டுகிறார்கள்.

போகட்டும். நிஜமான வில்லன் ஷ்ரேயா இல்லை. ஆப்!

எந்த ஆக்டிவிட்டிக்கு யார் வந்தார், சிரித்தாரா, கை தட்டினாரா என்று எல்லாமே ஆப்பில் ஏறும். சாயங்காலம் பிள்ளைகளின் போனில் எங்கள் பெயருக்கு நேரே ஒரு வட்டம் வரும். பச்சை என்றால் அம்மா சந்தோஷமாக இருக்கிறாள். மஞ்சள் என்றால் யோசிக்க வேண்டும். சிவப்பு என்றால்... அபாயம்!

பழனிசாமி அண்ணனுக்கு வந்த நாள் முதல் சிவப்பு.

சொந்தமாக கம்பெனி நடத்தி, மகன் கார்த்தியிடம் ஒப்படைத்தவர். மனைவி போன பிறகு பெரிய வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் இங்கே வந்தார். சேரும் அன்று சாப்பாடு எப்படி, டாக்டர் வருவாரா என்று ஒன்றும் கேட்கவில்லையாம். "கேட்டு தொறந்திருக்குமுங்களா?" – அது ஒன்றுதான் கேள்வி. திறந்திருக்கும் என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நாங்கள் பலூன் தட்டும் நேரத்தில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெயின் ரோட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். கம்பெனி வேன் டிரைவர்கள், லோடு இறக்குகிறவர்கள், பீகார் பையன்கள் எல்லோரும் வந்து போகும் கடை. நூல் விலை என்ன, எந்த கம்பெனிக்கு ஆர்டர் வந்தது, எவன் யாரை ஏமாற்றினான்... எல்லாம் பேசி முடித்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்புவார். பீகார் பையன்களிடம் இந்தி வேறு கற்றுக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு இருக்கும்.

ஆப்புக்கு அதெல்லாம் தெரியுமா? 'பங்கேற்கவில்லை. பங்கேற்கவில்லை. பங்கேற்கவில்லை.' கடைசியில் நிர்வாகத்திலிருந்து கார்த்திக்கு ஒரு மெயில் போய்விட்டது. அப்பா ஒதுங்கிப் போகிறார், மனச்சோர்வாக இருக்கலாம், அவரை 'கேர் பிளாக்'குக்கு மாற்றுவது நல்லது.

கேர் பிளாக் என்பது பின்னால் இருக்கும் கட்டடம். கட்டிலுக்குக் கம்பி. ஆளுக்கு ஒரு அட்டெண்டர். வாசலில் நம்பர் பூட்டு – நம்பர் அட்டெண்டருக்கு மட்டும்தான் தெரியும். அங்கே போனவர்கள் யாரும் முன் கட்டடத்துக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

கார்த்தி எங்கே இருக்கிறார்? அமெரிக்காவில் என்று நினைத்தீர்களா? வீரபாண்டியில்! திருப்பூர் ட்ராஃபிக்கையும் சேர்த்தால்கூட ஒரு மணி நேரம் ஆகாது. ஆனாலும் அப்பாவை ஆப்பில்தான் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, அப்பாவோடு இருப்பவர்களிடம் விசாரித்துவிட்டு முடிவு சொல்வதாகப் பதில் போட்டிருந்தார்.

விஷயத்தைக் கேட்ட பழனிசாமி அண்ணன் அன்று டீக்கடைக்குப் போகவில்லை. ஹாலுக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து பலூன் தட்டினார். முகத்தில் ஈ ஆடவில்லை.

சுலோச்சனா அக்கா எழுந்து நின்றார்.

"ஏனுங், நாமெல்லாம் எத்தன ஆடிட் பாத்தவங்க? ஒரு பையன் வந்து கேக்கறதுக்கா பயப்படறது?"

அவ்வளவுதான். ஹால் கம்பெனியாகிவிட்டது.

பழனிசாமி அண்ணன் தீட்டாத பட்டாம்பூச்சிகளை எல்லாம் நாங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தீட்டி, பழைய தேதி போட்டோம். டையிங்காரர் தீட்டிய அத்தனையும் ஒரே ஷேடு. அண்ணனுக்கு ஒரே மத்தியானத்தில் ஆறேழு சட்டை மாற்றிவிட்டு, ஒவ்வொரு சட்டையிலும் பலூனோடு போட்டோ எடுத்தோம். ரங்கசாமி அண்ணன் ஸ்டூல் போட்டு ஏறி, சுவரில் இருந்த தீயணைப்பு சிலிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் புரொடக்ஷன் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்; எண்பதை நெருங்குகிறவர்.

"அது எதுக்குண்ணே?" என்றேன்.

"ஆடிட்டுன்னா தொடைக்கோணுமுங்க டீச்சர்."

மறுக்க முடியுமா? சாயங்காலம் டயலாக் பயிற்சி. "கேட்டதுக்கு மட்டும் பதில். மூஞ்சியப் பாத்துச் சொல்லோணும். சேத்திச் சொல்லக் கூடாது" – அக்கா நாற்காலி நாற்காலியாக வந்து ஒப்பிக்க வைத்தார். ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒருவரும் தூங்கவில்லை. காது சரியாகக் கேட்காதவர்கூட மெஷினை மாட்டிக்கொண்டு வந்தார். இந்த ஹாலில் எல்லோரும் மனசாரக் கலந்துகொண்ட முதல் ஆக்டிவிட்டி அதுதான். பாவம், ஆப்பில் அதற்குக் கட்டம் இல்லை!

ஞாயிற்றுக்கிழமை கார்த்தி வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் ஆப்பிள் பை. மரியாதையான பிள்ளை, எல்லோருக்கும் கும்பிடு போட்டார். பட்டாம்பூச்சிகளைப் புரட்டிப் பார்த்தார். போட்டோக்களைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

"அப்பா எப்படி இருக்காருங்க?"

"நல்லா இருக்காருங்க. எல்லாத்துலயும் கலந்துக்கறாருங்க. யாரும் கட்டாயப்படுத்தறதில்லீங்க."

அடுத்தவரைக் கேட்டார். "நல்லா இருக்காருங்க. எல்லாத்துலயும் கலந்துக்கறாருங்க. யாரும் கட்டாயப்படுத்தறதில்லீங்க."

மூன்றாவது ஆளும் அதையே சொன்னபோது கார்த்தியின் புருவம் லேசாக ஏறியது. நேராக ரங்கசாமி அண்ணன் முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்கய்யா, நீங்க இங்க எவ்வளவு நாளா இருக்கீங்க?"

ரங்கசாமி அண்ணனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. "எட்டு மணி நேரந்தானுங்க. ஓவர்டைம் எல்லாம் அவங்கவங்க விருப்பந்தானுங்க."

சுலோச்சனா அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்களுக்கு வயசு என்னங்கய்யா?"

"பதினெட்டு முடிஞ்சுருச்சுங்க!"

எத்தனை பிள்ளைகளுக்கு, எத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்த பதிலோ... நாக்கு அதுவாகவே சொல்லிவிட்டது. சொன்ன வேகத்தில் பல்செட் வேறு நழுவ, அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலில் சிரித்தது கார்த்திதான். அப்புறம் ஒருவர் மிச்சமில்லாமல் சிரித்தோம். சுலோச்சனா அக்கா தலையில் அடித்துக்கொண்டே சிரித்தார். லாஃப்டர் கிளப்பில் இத்தனை மாதமாக வராத சிரிப்பு.

"யாருங்க ட்ரெயினிங் குடுத்தது?" கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார் கார்த்தி.

"நான்தானுங்க தம்பி," என்றார் சுலோச்சனா அக்கா.

"அடுத்த மாசம் நமக்கும் ஆடிட் இருக்குதுங்க. வந்து சொல்லித் தர்றீங்களா? எங்க பசங்களும் இதே மாதிரிதான், கேட்டா..." மீதியை அவர் முழுங்கிவிட்டார். நானும் இங்கே எழுதவில்லை.

பிறகு அப்பா பக்கம் திரும்பினார். குரல் மாறிவிட்டது.

"எதுக்குங்கப்பா இதெல்லாம்? எங்கிட்ட நெசத்தச் சொன்னா ஆகாதுங்களா?"

பழனிசாமி அண்ணன் இந்தக் கேள்விக்கு ஒப்பித்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

"நம்ம கம்பெனில புள்ளைங்க ஆடிட்டர்கிட்ட எதுக்குக் கண்ணு பொய் சொல்லுச்சுங்க? நெசத்தச் சொன்னா வேல போயிரும்னுதான? எனக்கு அந்தக் கேட்டு போயிரும் சாமி. அது ஒண்ணுதான் எனக்கு மிச்சம். நீ வருவீன்னு இல்ல... யாராவது பேசறதுக்குக் கெடப்பாங்கன்னு அந்த ரோட்டுக்குப் போறேன். அதையும் பூட்டீட்டீன்னா, நான் படுத்துக்க வேண்டீதுதான்."

கார்த்தி ஆப்பிள் பையை மேசை மேல் வைத்தார். "அந்தக் கட எங்கீங்கப்பா இருக்குது?" என்றார். இரண்டு பேரும் கேட்டைத் தாண்டி நடந்து போனார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் துடைப்பதற்குள் ஷ்ரேயா, "எல்லாரும் கை தட்டலாமா?" என்றார்.

கேர் பிளாக் பேச்சு அன்றோடு முடிந்தது. ஆனால் நிர்வாகம் சும்மா இருக்குமா? முதியவர்களுக்கு டீக்கடை பிடிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது 'டீ வாக்' ஒரு ஆக்டிவிட்டி! மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, முன்னால் ஒரு அட்டெண்டர், பின்னால் ஒரு அட்டெண்டர், நடுவில் நாங்கள். சர்க்கரை இல்லாத டீ. குடிக்கும்போது போட்டோ. எங்களைப் பார்த்ததும் டிரைவர்கள் சிகரெட்டை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

பழனிசாமி அண்ணன் என்ன செய்கிறார் தெரியுமா? எங்கள் ஊர்வலம் கிளம்புவதற்கு முன்பே போய், பேசவேண்டியதை எல்லாம் பேசி முடித்துவிட்டு, எதிரே சிரித்தபடி வருகிறார். ஆகவே டீ குடிப்பதிலும் அவருக்கு, 'பங்கேற்கவில்லை'. சிவப்பு!

ஷ்ரேயா கவலையோடு கார்த்திக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் நாங்களும் கேட்டோம்.

"செவப்பாவே இருக்கட்டும் மேடம். அப்பா நல்லா இருக்காருன்னு அர்த்தம். என்னைக்காச்சும் பச்சை வந்துச்சுன்னா சொல்லுங்க... ஒடனே கெளம்பி வர்றேன்."

பெங்களூரில் இருக்கும் என் மகளின் போனில் எனக்கு எப்போதும் பச்சைதான். அதனால்தானோ என்னவோ, அவள் பேசி ரொம்ப நாளாகிறது.

இந்த வெள்ளிக்கிழமை பட்டாம்பூச்சியை நான் தீட்டப்போவதில்லை!